மிருகமும் மகா பாபிலோனும்: கடைசிக்காலத் தீர்க்கதரிசன உருவங்களைப் படிக்கும் வழிகள்

விவிலியத்தின் கடைசிக்காலத் தீர்க்கதரிசனங்கள் உருவங்களால் பேசுகின்றன. ஏழு தலையும் பத்துக் கொம்பும் கொண்ட மிருகம், சூரியனை அணிந்த பெண், அறுக்கப்பட்ட தழும்போடு நிற்கும் ஆட்டுக்குட்டி, நான்கு குதிரைகள், பல தண்ணீர்கள்மேல் வீற்றிருக்கும் வேசி என்று ஒரு தனி உலகமே அங்கே உண்டு. தானியேல், எசேக்கியேல், சகரியா ஆகிய நூல்களில் வளர்ந்த இந்த மரபு புதிய ஏற்பாட்டின் கடைசி நூலில் உச்சம் தொடுகிறது. சீர்திருத்த சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அந்நூலை வெளிப்படுத்தின விசேஷம் என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அது திருவெளிப்பாடு. 22 அதிகாரங்கள், 404 வசனங்கள். பழைய ஏற்பாட்டை ஓரிடத்தில்கூடப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டாத நூல் இது. ஆனால் அதன் சாயல் படியாத பத்தியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இந்த உருவங்கள் யாரைக் குறிக்கின்றன, எக்காலத்துக்கு உரியவை என்ற கேள்விக்கு 18 நூற்றாண்டுகளாகப் பதில்கள் குவிந்திருக்கின்றன. மயிலாப்பூரும் அடையாறும்கூட அந்தக் குவியலில் தம் பங்கைச் சேர்த்திருக்கின்றன.

சில உருவங்களுக்கு நூலே விளக்கம் தந்துவிடுகிறது. உரையாசிரியர்கள் சண்டையிடும் வேகத்தில் இதை மறந்துவிடுவது வழக்கம். முதல் அதிகாரத்தின் ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள். ஏழு நட்சத்திரங்கள் அச்சபைகளின் தூதர்கள். வலுசர்ப்பம் பழைய பாம்பாகிய சாத்தான். தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபம். மெல்லிய வெண்வஸ்திரம் அவர்களுடைய நீதிச் செயல்கள். வேசி அமர்ந்திருக்கும் தண்ணீர்கள் மக்களும் கூட்டங்களும். அவளே பூமியின் ராஜாக்களை ஆளும் பெரிய நகரம். தானியேல் 8-ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான்: இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா ராஜாக்கள் என்றும் வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்றும் தேவதூதன் பெயரிட்டே சொல்லிவிடுகிறான். இவற்றில் பெரிய பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம் தூதன் வாய் மூடிய இடங்களில்தான் தொடங்குகிறது.

தானியேல் 7-இல் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் எழும்புகின்றன: கழுகுச் சிறகுள்ள சிங்கம், கரடி, நான்கு தலையுள்ள சிறுத்தை, இரும்புப் பற்களும் பத்துக் கொம்புகளும் கொண்ட பெயரற்ற நான்காவது. நான்கும் நான்கு ராஜாக்கள் என்பதோடு தூதன் நிறுத்திக்கொள்கிறான். நான்காவது ரோமப் பேரரசு என்பது ஹிப்போலித்து, எரோணிமு போன்ற சபைப் பிதாக்களின் முடிவு. இன்றைய வரலாற்றாய்வாளர் பெரும்பாலோர் பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கம் என்று எண்ணி, நான்காவதிலிருந்து முளைக்கும் சின்னக் கொம்பை நான்காம் அந்தியோக்கஸ் என்கிறார்கள். கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய சிரிய அரசன் அவன். இந்த வாசிப்பை முதலில் முன்வைத்தவர் கிறிஸ்தவரே அல்லர். 3-ஆம் நூற்றாண்டின் தத்துவஞானி போர்ஃபிரி. தானியேலின் 11-ஆம் அதிகாரம் அந்தியோக்கஸ் காலம் வரை நடந்ததை நுணுக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிந்திய காலத்தைச் சொல்லும்போது தவறுகிறது. ஆகவே நூல் அவன் காலத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கி.பி. 407-இல் எரோணிமு எழுதிய தானியேல் உரையின் பெரும்பகுதி இவருக்கு மறுப்பு.

நடந்து முடிந்ததை முன்னறிவிப்பாகச் சொல்லும் இந்த வகைக்கு மயிலாப்பூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலைப் பார்த்து ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அப்போஸ்தலர் தோமையார் அங்கே ஒரு கம்பத்தை நட்டு, வெகுதொலைவில் இருக்கும் கடல் ஒரு நாள் இதன் அடிவரை வரும், அப்போது தூரதேசத்திலிருந்து வெள்ளை நிறத்தவர் வந்து தம் போதனையைப் புதுப்பிப்பார்கள் என்று சொன்னதாக ஐதிகம். இதை ஏட்டில் ஏற்றியவர்கள் போர்த்துகீசியர். 1523-இல் தோமையாருடையதாகக் கருதப்பட்ட கல்லறையைத் தோண்டிப் பார்த்தவர்களும் அவர்களே. கதை யாருக்கு வேண்டியிருந்தது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆனாலும் அந்தக் கம்பம் பொருளிழந்துபோகவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, அதைத் தாண்டித் தண்ணீர் வரவில்லை என்று கரையோரத்து மக்கள் சொன்னார்கள். போர்த்துகீசியர் வருகைக்காகச் சொல்லப்பட்ட வாக்கு காவல் வாக்காக மாறிக்கொண்டது. ஒரு தீர்க்கதரிசனம் அதன் முதல் சூழலைத் தாண்டி உயிர்பிழைக்கும் முறை பெரும்பாலும் இதுதான். தானியேலின் நான்காவது மிருகம் கிரேக்கத்திலிருந்து ரோமுக்கும், ரோமிலிருந்து போப்பாட்சிக்கும், பிறகு ஐரோப்பியக் கூட்டமைப்பின் பிரஸ்ஸல்ஸுக்கும் இடம்பெயர்ந்ததும் இவ்வாறே.

வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானின் மிருகம் தானியேலின் நான்கையும் உருக்கி வார்த்தது. சிறுத்தை உடல், கரடிக் கால், சிங்க வாய். தானியேலின் நான்கு மிருகங்களுக்கும் உள்ள தலைகளைக் கூட்டினால் ஏழு, கொம்புகள் பத்து. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17-ஆம் அதிகாரம் சொல்லும்போது, முதல் நூற்றாண்டு ஆசியா மைனரில் அதைக் கேட்டவருக்கு ஏழு குன்றுகள்மேல் கட்டிய ரோம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. சாவுக்காயம் பட்டுப் பிழைத்த தலை என்பது, கி.பி. 68-இல் தற்கொலை செய்துகொண்ட நீரோ திரும்பி வருவான் என்று உலவிய வதந்தியை ஒட்டியது. அடுத்த ஆண்டே ஒரு போலி நீரோ கிளம்பியதை டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

மிருகத்தின் இலக்கமான 666-இல் மற்ற எதையும்விட அதிகக் கற்பனை செலவாகியிருக்கிறது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களும் ஆகையால், ஒரு பெயரின் கூட்டுத்தொகையைச் சொல்லி ஆளைக் குறிப்பது அங்கே புழங்கிய வழக்கம். நீரோன் கேசர் என்பதை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, கூட்டினால் 666. லத்தீன் முறைப்படி பெயரின் கடைசி னகரத்தை விட்டு நீரோ என்று எழுதினால் 50 குறைந்து 616 ஆகும். சில பழைய பிரதிகளில், எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டு உட்பட, 616 என்றே காணப்படுகிறது. இரண்டு பாடங்களையும் ஒரே பெயர் விளக்கிவிடுவதுதான் இந்தத் தீர்வின் பலம். ஆனால் 2-ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவான ஐரேனியு இதை அறிந்திருக்கவில்லை. அவர் கிரேக்கத்தில் கணக்கிட்டு லத்தேயினோஸ், தெயித்தான் என்று சில பெயர்களைச் சொல்லி, எதையும் அறுதியிடாமல் விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களிடம் அந்த நிதானம் இல்லை. போப், லூத்தர், நெப்போலியன், ஹிட்லர் என்று எவரையும் 666-க்குள் அடைக்க முடிந்திருக்கிறது. மொழியை மாற்றலாம், பட்டத்தைச் சேர்க்கலாம், எழுத்தை விடலாம் என்று இடம் கொடுத்தால் எந்தப் பெயரும் பொருந்தும்.

மகா பாபிலோன் தமிழ் வாசகர் தனிக் கவனத்தோடு படிக்க வேண்டிய உருவம். 18-ஆம் அதிகாரத்தில் அந்த நகரம் வீழ்கிறது. வியாபாரிகள் தூரத்தில் நின்று, தங்கள் சரக்கை இனி வாங்குவார் இல்லையே என்று புலம்புகிறார்கள். சரக்குப் பட்டியலே தரப்படுகிறது: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, இரத்தாம்பரம், தந்தம், இலவங்கப்பட்டை, வாசனைத் திரவியம், தூபவர்க்கம், திராட்சரசம், கோதுமை, குதிரை, இரதம், கடைசியில் மனித ஆத்துமாக்கள். அடிமைச் சந்தையைப் பட்டியலின் முடிவில் வைத்தது தற்செயல் அல்ல. இதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ் என்ற மாலுமிக் கையேடு, கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளிப்பதைச் சொல்கிறது. முசிறி வட்டாரத்தில் முத்தும் தந்தமும் பட்டும் இரத்தினங்களும் கப்பலேறுவதைச் சொல்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ரோமிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று பிளினி அங்கலாய்த்ததும் அக்காலமே. தாலமி குறிப்பிடும் மலியார்ஃபா என்ற துறை மயிலாப்பூர்தான் என்பது பலர் கருத்து. ஆக, யோவான் கண்ட வேசியின் கழுத்தில் மின்னிய முத்துகளில் சில மன்னார் வளைகுடாவிலிருந்து போயிருக்கலாம் என்பது வெறும் கற்பனை அல்ல. (அந்தக் காலத்து இந்திய வாணிகத்தின் உயிரான மிளகு பட்டியலில் இல்லை என்பது விசித்திரம்.) பாபிலோனை எதிர்காலத்தில் வரப்போகும் ஏதோ ஒரு மத அமைப்பாக மட்டும் படிக்கிறவர்கள் இந்தப் பட்டியலைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உருவத்தின் கோபம் ரோமின் சிலைவழிபாட்டின் மேல் மட்டும் இல்லை, அதன் கொள்முதலின் மேலும் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலாளர் இந்த அதிகாரத்தை ஆவலோடு எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

12-ஆம் அதிகாரத்துப் பெண் சூரியனை உடுத்தி, காலடியில் சந்திரனும் தலையில் பன்னிரண்டு நட்சத்திரக் கிரீடமும் கொண்டு பிரசவ வேதனையில் நிற்கிறாள். ஆதியாகமத்தில் யோசேப்பின் கனவில் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் அவன் குடும்பத்தைக் குறிப்பதால், இவள் இஸ்ரவேல் என்பது பழைய வாசிப்பு. திருச்சபை என்பது அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. கத்தோலிக்கர் இவளிடம் மரியாளையும் காண்கிறார்கள். ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழாத் திருப்பலியில் இந்தப் பகுதியே முதல் வாசகம். சுதந்திர தினமும் மாதா விழாவும் ஒன்றாக வரும் அந்த நாளில் லஸ் கோவிலிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவிலிலும் இது வாசிக்கப்படுகிறது. ஓவியமும் சிற்பமும் உரைநூல்களைவிட வேகமாக வேலை செய்தன: காலடியில் பிறை, தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் என்று அமலோற்பவ மாதா சுரூபங்களில் காணும் அமைப்பு நேராக இந்த வசனத்திலிருந்து வந்தது. பாதிரிமார் எத்தனை பொருள் சொன்னாலும், மெழுகுவத்தி ஏற்ற வரும் பெண்ணுக்கு அந்தச் சுரூபமே உரை. பெண் வனாந்தரத்துக்கு ஓடுவதும் அவளுடைய மற்றப் பிள்ளைகளோடு வலுசர்ப்பம் யுத்தம் செய்வதும் மரியாளின் வாழ்க்கையில் நேரடியாகப் பொருந்தாது என்பதைக் கத்தோலிக்க அறிஞர்களே ஒப்புக்கொண்டு, முதற்பொருள் இறைமக்கள் கூட்டம், அடுத்த பொருள் மரியாள் என்று வரிசைப்படுத்துகிறார்கள்.

இப்படி உருவந்தோறும் எழும் பதில்களைப் பாடநூல்கள் நான்கு பள்ளிகளாகப் பிரிப்பது வழக்கம். எல்லாம் முதல் நூற்றாண்டிலேயே நடந்து முடிந்தது என்பது ஒன்று. சபையின் வரலாறு முழுவதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. பெரும்பகுதி இனிமேல்தான் நடக்கும் என்பது மூன்றாவது. எக்காலத்துக்கும் பொதுவான நன்மை தீமைப் போராட்டம் என்பது நான்காவது. பிரிவு வசதியானது, ஆனால் இவை ஏட்டறையில் பிறக்கவில்லை. போப்பே அந்திக்கிறிஸ்து என்று லூத்தர் தரப்பு முழங்கியபோது, அதற்கு விடையாகத்தான் ஸ்பெயின் நாட்டு இயேசு சபையார் இருவர் எதிரெதிர்த் திசையில் போனார்கள். 1590-ஐ ஒட்டி எழுதிய ரிபேரா அந்திக்கிறிஸ்துவைத் தூர எதிர்காலத்துக்குத் தள்ளினார். அல்காசார் நூலின் பெரும்பகுதியைப் பழங்காலத்துக்குத் தள்ளினார். இருவருக்கும் அன்றைய போப்பைக் காப்பாற்றுவதே வேலை. அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் எங்குமே இல்லை, யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது, அங்கும் பலர் என்று பன்மையிலும் வருகிறது என்பது இந்தச் சண்டையில் யாருக்கும் உறைக்கவில்லை.

வரலாற்று வரிசைப் பள்ளிக்கு ஒரு நாள் ஒரு வருஷம் என்பது அடிப்படை விதி. அதன்படி தானியேலின் 2300 நாளை கி.மு. 457-இலிருந்து எண்ணிய அமெரிக்கர் வில்லியம் மில்லர், 1844 வாக்கில் கிறிஸ்து வருவார் என்றார். வரவில்லை. ஏமாற்றத்திலிருந்து எழுந்த ஒரு கிளையே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. ஆண்டு சரி, நிகழ்ச்சி பரலோகத்தில் நடந்தது என்று அது விளக்கிக்கொண்டது.

தமிழகத்துக்கும் இதே அலை வேறு வழியில் வந்தது. பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த திருநெல்வேலி அருளப்பன், கிறிஸ்தியான்பேட்டையைத் தளமாக்கிக் கொண்டார். 1860-இல் அவர் வட்டாரத்தில் எழுந்த எழுப்புதலில் இரண்டாம் வருகையின் எதிர்பார்ப்பு பலமாக இருந்தது. அது திருவிதாங்கூருக்குப் பரவியபோது, தமிழ்ப் பிராமணராய்ப் பிறந்து சபைப் போதகரான ஜஸ்டஸ் ஜோசப், வித்துவான் குட்டி என்று பெயர்பெற்றவர், ஒரு படி மேலே போனார். ஆறு வருஷத்தில், 1881-இல், கிறிஸ்து வருவார் என்று 1875-இல் அறிவித்தார். யுயோமய சபையைத் தொடங்கியவர் அவரே. அந்த ஆண்டும் கடந்து போனது. சபை சிறிதாகத் தொடர்ந்தது. தேதி குறிப்பவர்களின் கதை அமெரிக்காவிலும் கொல்லத்துப் பக்கமும் ஒரே மாதிரி முடிகிறது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அடையாறு இந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறொரு பதிலை வைத்தது. 1882-இல் அங்கே குடிவந்த பிரம்மஞான சபையார் சுருதிகளின் உருவங்களை அகப்பொருளில் படித்தார்கள். அவ்வழி வந்த ஜேம்ஸ் மார்கன் பிரைஸ் 1910-இல் வெளியிட்ட நூலில் ஏழு முத்திரைகளும் உடலின் ஏழு சக்கரங்கள்; புத்தகமே மனித உடல்; மிருகம் கீழ்மனம். கிரேக்கத்தில் அதைக் குறிக்கும் ஹே ஃப்ரேன் என்ற சொல்லின் கூட்டுத்தொகையும் 666 வருகிறது என்று அவர் காட்டினார். கணக்கு சரியே, 8, 500, 100, 8, 50. நீரோவுக்கும் லத்தேயினோஸுக்கும் சரியாக வந்த அதே கணக்கு. இன்னொரு பக்கம் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் இரண்டாம் வருகையை உலகாசிரியர் மைத்ரேயரின் வருகையோடு இணைத்தனர். 1909-இல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் கண்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தி அதற்கான வாகனமாகக் கருதப்பட்டான். 1911-இல் கீழ்த்திசை நட்சத்திர சங்கம் அமைந்தது. 1925 டிசம்பர் 28 காலை அடையாறு ஆலமரத்தடியில் பேசிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி, வரப்போகும் ஆசிரியரைப் படர்க்கையில் சொல்லி வந்தவர், திடீரெனத் தன்மைக்கு மாறினார். கூடியிருந்தவர்கள் வாக்கு நிறைவேறியதாக நம்பினார்கள். 1929 ஆகஸ்ட் 3-இல் ஹாலந்தின் ஒம்மென் முகாமில் அவரே அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டார். தீர்க்கதரிசன வரலாற்றில் அறிவிக்கப்பட்ட ஆளே அறிவிப்பை மறுத்தது அபூர்வம். தேதி பொய்த்த சபைகள் செய்ததுபோல மறுவிளக்கம் தர அவர் வழி விடவில்லை. அகப்பொருள் வாசிப்பின் நயம் பெரிது. யோவான் சிறைத்தீவிலிருந்து ஏழு ஊர்களுக்கு எழுதினார், அந்தச் சபைகளில் கொல்லப்பட்டவர் ஒருவரின் பெயர்கூட நூலில் இருக்கிறது என்பதை அது மறந்துவிடுகிறது என்பதே அதன் குறை.

இன்று சென்னைச் சுவர்களில் இயேசு வருகிறார் என்று நீல எழுத்திலும் சிவப்பு எழுத்திலும் எழுதிவைப்பவர்கள், மாம்பலம் ரயில் நிலையத்தில் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்கள் ஆகியோரிடம் புழங்குவது பெரும்பாலும் எதிர்காலப் பள்ளி, அதிலும் பிரதரன் இயக்கத்து டார்பி வகுத்து 1909-இன் ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் பரப்பிய வடிவம். இரகசிய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படுதல், ஏழு வருட உபத்திரவகாலம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, ஆயிரவருட அரசாட்சி என்ற வரிசை நீளத் துணியில் வரைபடமாகத் தொங்க, பிரசங்கியார் குச்சியால் தொட்டு விளக்குவது கன்வென்ஷன் பந்தல்களில் பழகிய காட்சி. சீயோன் மலையில் நிற்கும் 1,44,000 பேர் யார் என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு: தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன், திருமணம் செய்யாத வெள்ளுடை ஊழியர் மரபோடு சேர்த்து அதைப் படிக்கிறது, யெகோவாவின் சாட்சிகள் அதை அப்படியே எண்ணாகக் கொள்கிறார்கள், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தாலும் பெருக்கிய நிறைவெண் என்பதே பெரும்பாலான உரையாசிரியர்கள் முடிவு.

இந்த எதிர்காலப் பள்ளியின் சிக்கல் பத்துக் கொம்பில் வெளிப்பட்டது. 1970-இல் வந்த ஹால் லிண்ட்சேயின் புகழ்பெற்ற நூல் அதை ஐரோப்பியப் பொதுச்சந்தையில் கண்டது. 1981-இல் கிரீஸ் சேர்ந்தபோது உறுப்பினர் சரியாகப் பத்தானார்கள். 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாயின. அதற்குப் பின் கொம்புகளுக்கு வேறு இடம் தேடப்பட்டது.

மிருகத்தின் முத்திரையும் அப்படியே அலைந்திருக்கிறது. வலது கையிலோ நெற்றியிலோ அது இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்பதால் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் புதுமையை அதற்குள் வைத்தது: பார்கோடு, கிரெடிட் கார்டு, தோலுக்கடியில் வைக்கும் சில்லு, கொரோனா தடுப்பூசி. 2010-இல் ஆதார் எண் வழங்கத் தொடங்கியதும் மிசோரமில் சில சபைக் குழுக்கள் அதை முத்திரை என்று கருதி மறுத்தன. பார்கோட்டின் ஓரங்களிலும் நடுவிலும் உள்ள காவல் கோடுகள் 6-ஐக் குறிக்கும் கோடுகள் போலத் தெரிவதால் 666 பதிந்திருப்பதாகச் சொல்வது இன்றும் உண்டு; அக்கோடுகள் எந்த எண்ணையும் குறிப்பதில்லை, வாசிக்கும் கருவிக்கு எல்லை காட்டுகின்றன. ரேகை இல்லாமல் ரேஷன் இல்லை என்ற நிலையில் ஒருவருக்கு எழும் அச்சம் பொய்யானது அல்ல; அதற்கு இந்த வசனம் சான்றாகுமா என்பதுதான் கேள்வி. நூலில் முத்திரை தனியாக வருவதில்லை. அதற்கு அடுத்த வசனங்களிலேயே, 14-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், 1,44,000 பேரின் நெற்றியில் ஆட்டுக்குட்டியின் பிதாவினுடைய நாமம் எழுதப்பட்டிருக்கிறது. கையிலும் நெற்றியிலும் அடையாளமாகக் கட்டிக்கொள் என்று உபாகமம் 6-ஆம் அதிகாரம் நியாயப்பிரமாணத்தைக் குறித்துச் சொன்னதை இரண்டும் எதிரொலிக்கின்றன. யாருக்கு உடைமை, யாருக்கு வணக்கம் என்பதே இரண்டு அடையாளங்களின் பேச்சும். முதலாவதைச் சில்லாகப் படிப்பவர் எவரும் இரண்டாவதைச் சில்லாகப் படிப்பதில்லை.